பத்தடிக்கு ஒரு போன்

— நீங்க கேக்கச் சொன்னீங்க மேடம், அவனும் கேட்டுட்டான். இப்ப வீட்டுப் பக்கமே வர மாட்டேங்கிறான். இதுக்குப் பேருதான் பேச்சு வைத்தியமா?

— உக்காருங்க அக்கா. மூச்சு வாங்குது உங்களுக்கு. தம்பி, நீங்களும் உக்காருங்க.

— லிப்ட் ஓடல மேடம். மாடி ஏறி வந்தோம். அக்காவுக்கு முட்டி வலி, அதான் இந்தக் கோவம்.

— முட்டியில இருக்கிறது வலி. கோவம் வேற இடத்துல இருக்கு. நீ பேசாம இருடா. ரிப்பேர் கடையிலயே படுத்துக் கிடக்கிறான் மேடம். நாலு தையல் மெஷினுக்கு நடுவுல ஒரு சாக்கை விரிச்சுக்கிட்டு. வீட்ல போட்ட மெத்தை போட்டபடி இருக்கு. சாப்பாடு கொண்டுபோனா தொட மாட்டான். டீயும் பன்னும்தான். ஆளைப் பாருங்க, சட்டையை ஹேங்கர்ல மாட்டின மாதிரி இருக்கு.

— மாத்திரை?

— போடுறேன் மேடம். அதை விடல.

— மாத்திரை எழுதுற டாக்டர் எடை பார்த்துட்டு என்ன சொன்னார் தெரியுமா? இன்னும் ரெண்டு கிலோ இறங்கினா வார்டுலதான் சேக்கணுமாம். நான் என் வீட்டைப் போட்டது போட்டபடி விட்டுட்டு இங்க வந்து உக்காந்திருக்கேன். என் வீட்டுக்காரர் நல்ல மனுஷன்தான். நல்ல மனுஷனுக்கும் தானே பொங்கித் தானே தின்னா ஒருநாள் அலுத்துப்போகும் இல்ல? இன்னைக்கு இவன் வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிடணும். இல்லைன்னா இதோட சரி மேடம். நாளைக்குக் காலைல வார்டு. முடிவு பண்ணிட்டுத்தான் மாடி ஏறினேன்.

— சரி. இன்னைக்கே பாப்போம். தம்பி, போன தடவை நான் என்ன சொல்லி அனுப்பினேன்? உங்க வாயால சொல்லுங்க.

— அது வந்து... என் காதுல கேக்குற குரல் ஏதாவது சொன்னா அப்படியே எடுத்துக்க வேண்டாம்னீங்க. "இப்படிச் சொல்றதுக்கு என்ன ஆதாரம்?"னு திருப்பிக் கேக்கணும்னீங்க.

— ஆமா. யாரை?

— குரலை.

— அப்ப எதுக்குப் பெரியப்பாகிட்ட போனீங்க?

— குரல் பெரியப்பாவோடதாச்சே மேடம்.

— பெரியப்பா குரல் மாதிரி இருக்கு. ஆனா அவர் பேசலைன்னு நாம பேசி வச்சிருக்கோமே.

— பேசி வச்சிருக்கோம். ஆனாலும் குரல் அவரோடது. நான் மனசுக்குள்ள அவரை ஆதாரம் கேட்டு மடக்கினா, அவருக்குத் தெரியாம முதுகுக்குப் பின்னாடி எதுத்துப் பேசின மாதிரி ஆயிடும். அப்பா அம்மா போனதுக்கப்புறம் எங்க ரெண்டு பேரையும் வளத்தவர் மேடம் அவர். ஒரு ராத்திரி முயற்சி பண்ணிப் பாத்தேன். வார்த்தை வரல. உடம்பு கூசுச்சு. அதான் அக்காவை விட்டு, முறையா, அவர்கிட்டயே கேக்கச் சொன்னேன்.

— நீங்களே நேரா கேக்காம?

— நேராவா? பெரியப்பாகிட்டயா?

— பாத்தீங்களா மேடம், சிரிக்கிறான். வந்ததுலேர்ந்து இப்பத்தான் சிரிக்கிறான்.

— சிரிப்பு வந்தா நல்லதுதானே அக்கா. நீங்க சொல்லுங்க. என்ன கேட்டீங்க, அவர் என்ன சொன்னார்?

— காலைல பேப்பர் படிச்சிட்டிருந்தார். நான் போய் நின்னேன். "பெரியப்பா, தம்பி வீட்டை விட்டுப் போகணும்னு நீங்க சொல்றீங்களாம், அதுக்கு என்ன ஆதாரம்னு கேக்கச் சொன்னான்"னு, கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிச்சேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். அவர் கண்ணாடியைக் கழட்டினார். துடைச்சார். "போகணும்னு தோணிட்டா போகட்டும். பிடிச்சு வைக்க நான் யாரு"ன்னார். மறுபடி பேப்பரை எடுத்துட்டார்.

— தம்பி அப்ப எங்க இருந்தார்?

— கதவுக்கு அந்தப் பக்கம் மேடம்.

— அப்புறம்?

— அப்புறம் நீங்க சொல்லிக் குடுத்ததைத்தான் செஞ்சேன். சந்தேகமா இருந்தா பக்கத்துல இருக்கிறவங்களைக் கேளுங்கன்னு சொல்லியிருக்கீங்க. அக்கா வெளியில வந்துச்சு. "அக்கா, கேட்டுச்சா?"ன்னேன்.

— நான் என்ன மேடம் செய்வேன்? இத்தனை மாசமா இவன் "அக்கா, கேட்டுச்சா?"ன்னு கேப்பான், நான் "கேக்கலடா"ன்னு சொல்வேன், இவன் அப்படியே அடங்கிடுவான். அதுவரைக்கும் அது நல்லாத்தான் வேலை செஞ்சுது, இல்லைன்னு சொல்ல மாட்டேன். அன்னைக்குக் கேட்டுத் தொலைச்சுடுச்சே. பொய் சொல்ல நாக்கு எழும்பல. "கேட்டுச்சுடா"ன்னுட்டேன். அவ்வளவுதான். செருப்பை மாட்டினான், போயிட்டான்.

— சரி. கொஞ்சம் இருங்க. ரெண்டு பேரும் தண்ணி குடிங்க. நானும் குடிக்கிறேன்.

— உங்க பேன்ல பேரிங் தேஞ்சுபோச்சு மேடம். டக்கு டக்குன்னு வருது பாருங்க.

— நான் அதைப் பக்கத்து ரூம் பல் டாக்டரோட சத்தம்னுல்ல நினைச்சிட்டிருந்தேன்.

— அவர் சத்தம் வேற. அது கூர்மையா வரும்.

— தம்பி, அக்கா, ஒண்ணு சொல்லிடுறேன். இது நான் செஞ்ச தப்பு. ஆதாரம் கேளுங்கன்னு சொல்ற முறை நல்ல முறைதான், நிறைய பேருக்கு உதவியிருக்கு. ஆனா நான் படிச்ச புத்தகத்துல வர்ற ஆள் தனியா ஒரு வீட்ல இருப்பார். தனியா சமைப்பார். அவர் தலையில கேக்குற குரலுக்கும் அவருக்கும் நடுவுல வேற யாரும் கிடையாது. எதுத்துப் பேசினா அவருக்குத் தெம்பு வரும். உங்களுக்குக் கூசுது. அதை நான் முன்னாடியே கேட்டிருக்கணும்.

— அந்தப் புத்தகத்துல அக்கா வர மாட்டாளா?

— வர மாட்டா.

— அக்கா இல்லாத புத்தகமா? அப்ப பசிச்சா யாரு சோறு போடுவா அந்த ஆளுக்கு? எழுதினவன் சாப்பிட்டுட்டு எழுதினானா, என்னன்னு தெரியலையே.

— அதைத்தான் இப்ப நானும் யோசிக்கிறேன். நான் வளந்த வீடு வேற மாதிரி அக்கா. எங்க வீட்ல எங்க அப்பாவோட நேருக்கு நேர் கத்துவோம். ஒரு தட்டு பறக்கும், அரை மணி நேரத்துல எல்லாரும் சேந்து டீ குடிப்போம். அதையே உலகம்னு நினைச்சு உங்க தம்பிகிட்ட சொல்லிட்டேன் போல. சரி, உங்க வீட்டை எனக்குச் சொல்லிக்குடுங்க. பெரியப்பாகிட்ட யாரு பேசுவாங்க?

— பெரியம்மா மட்டும், அவங்க இருந்தவரைக்கும்.

— மத்தவங்க?

— பெரியம்மாகிட்ட சொல்லுவோம் மேடம். அவங்க அவர்கிட்ட சொல்லுவாங்க. அவர் பதிலைப் பெரியம்மாகிட்ட சொல்லுவார். அவங்க வந்து எங்ககிட்ட சொல்லுவாங்க.

— எல்லாரும் ஒரே வீட்ல இருந்துக்கிட்டு?

— ஒரே ரூம்ல இருந்தாலும் அப்படித்தான். நான் பரீட்சையில தேறினப்ப எதிர்லதான் உக்காந்திருந்தார். பெரியம்மாவைப் பாத்து, "அவ நல்லாப் படிச்சிருக்கா போல"ன்னார். பெரியம்மா என் பக்கம் திரும்பி, "நீ நல்லாப் படிச்சிருக்கியாம்"னாங்க. நான் "சரி பெரியம்மா"ன்னேன். எங்க வீட்ல அதுதான் பாராட்டு விழா.

— கடையில எப்படி? அங்க பெரியம்மா இல்லையே. நீங்களும் பெரியப்பாவும் மட்டும்தானே தம்பி?

— போன் இருக்கே மேடம்.

— யாருக்குப் போன்?

— அவர் முன்னாடி கல்லாவுல உக்காந்திருப்பார். நான் பின்னாடி பெஞ்சுல. நடுவுல ஒரு பத்தடி இருக்கும். அவர் வீட்டுக்குப் போன் போட்டு, "அவனை அந்தக் கறுப்பு மெஷினை முதல்ல முடிக்கச் சொல்லு, டெய்லர் சாயங்காலம் வர்றான்"னு பெரியம்மாகிட்ட சொல்லுவார். எனக்கு அங்கேயே கேக்கும். ஆனா நான் எடுக்க மாட்டேன். கொஞ்ச நேரத்துல என் போன் அடிக்கும். பெரியம்மா. "கண்ணு, கறுப்பு மெஷினை முதல்ல முடிச்சிடுறியா"ம்பாங்க. "சரி பெரியம்மா"ன்னு கறுப்பு மெஷினை எடுப்பேன்.

— பத்தடிக்கு ஒரு போன்.

— சில நாள் இருபது போன் வரும். நல்லா ஓடின கடை மேடம் அது.

— பெரியம்மா தவறினப்புறம்?

— போன் நின்னுபோச்சு.

— அப்ப வேலை எப்படி நடக்குது?

— மெஷின்ல சீட்டு ஒட்டி வச்சிருப்பார். அவசரம்னா ரெண்டு கோடு போட்டிருப்பார். நான் பாத்து முடிச்சு வைப்பேன். காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஒரு பேச்சு இருக்காது.

— உங்களுக்குக் குரல் கேக்க ஆரம்பிச்சது எப்ப?

— அதுக்கப்புறம்தான். கொஞ்ச நாள்லயே. மெஷினை ஓட்டிப் பாத்துட்டு நிறுத்துவேன் இல்ல, அந்தச் சக்கரம் நிக்கிற நேரத்துல வரும்.

— இது என்னன்னு உங்களுக்குத் தோணுது தம்பி? டாக்டர் சொல்றது இருக்கட்டும், நான் சொல்றது இருக்கட்டும். உங்களுக்கு என்ன தோணுது?

— யாரோ செய்வினை வச்சுட்டாங்கன்னு எதிர்வீட்டம்மா சொல்றா மேடம்.

— அக்கா, தம்பியைக் கேட்டேன்.

— அது வந்து... சொன்னா சிரிப்பீங்க. பெரியம்மா இருந்தப்ப அவர் பேச்சு போறதுக்கு ஒரு இடம் இருந்துச்சு. இப்ப அது எங்க போகும்? போக இடம் இல்லாம என் காதுக்கு வந்துடுதுன்னு நினைச்சுப்பேன்.

— நான் சிரிக்கல. அதையே வச்சுப்போம். அங்கேயிருந்தே ஆரம்பிப்போம். குரல் எந்த வார்த்தையில பேசுதுன்னு அப்படியே சொல்ல முடியுமா?

— "அவனைப் போகச் சொல்லு." "அவனுக்கு இங்க என்ன வேலை." "அவனை இங்க சாப்பிட வேண்டாம்னு சொல்லு."

— "அவன்." நீன்னு சொல்றதே இல்லையா?

— இல்ல மேடம்.

— எங்க பாடத்துல, ஆளைப் பத்தி "அவன்"னு பேசுற குரல்னா கீழ கோடு போட்டு வச்சுக்கச் சொல்லுவாங்க. கொஞ்சம் கவலைப்பட வேண்டிய விஷயம்னு.

— அப்ப எங்க பெரியப்பாவைத்தான் முதல்ல வார்டுல சேக்கணும். அவர் ஜென்மத்துல இவனை நேரா நீன்னு பேசினது கிடையாது.

— அதான் அக்கா, நானும் கோடு போட்டுட்டு, அதோட நின்னுட்டேன். இந்த வீட்ல பேசுறதே அப்படித்தான்னு எனக்குத் தெரியல. தம்பி, "போகச் சொல்லு"ன்னு அந்தக் குரல் சொல்லுதே. யார்கிட்ட சொல்லுது?

— யார்கிட்டன்னா?

— "சொல்லு"ன்னா அங்க ஒருத்தர் கேட்டுக்கிட்டு நிக்கணுமே.

— பெரியம்மாகிட்ட.

— பெரியம்மா என்ன பதில் சொல்றாங்க?

— ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அவங்கதான் இல்லையே.

— அழாதடா. இந்தா, இந்தத் துண்டுல துடைச்சுக்கோ. மேடம், இதெல்லாம் கிளறணுமா?

— அழட்டும் அக்கா. தம்பி, நிறுத்திக்கலாமா, பேசலாமா?

— பேசலாம் மேடம். எனக்கு ஒண்ணும் ஆகல... அக்கா.

— என்னடா?

— கேட்டுச்சா?

— இல்லடா. கேக்கல. பேன் சத்தம்தான். பக்கத்துல யாருக்கோ பல்லைக் குடையறாங்க. அவ்வளவுதான் கேட்டுச்சு.

— என்ன சொல்லுச்சு தம்பி?

— "அவனை எறங்கிப் போகச் சொல்லு."

— சரி. இதுக்கு ஆதாரம் கேக்க வேண்டாம். எதுத்தும் பேச வேண்டாம். இது பெரியம்மாவுக்கு வந்த போன்னு வச்சுப்போம். உங்களுக்கு வந்ததே இல்ல. பெரியம்மா அதைக் காதுல வாங்கிட்டு உங்ககிட்ட எப்படிச் சொல்லியிருப்பாங்க? அக்கா, நீங்கதானே வீட்ல அவங்க பக்கத்துல இருந்தவங்க. அவங்க மாதிரி சொல்லிக் காட்டுங்களேன்.

— நானா? நான் என்ன நாடகக்காரியா?

— கல்யாணத்துக்கு முன்னாடி இது அவங்க மாதிரியே பேசிக் காட்டும் மேடம். பெரியம்மாவே சிரிப்பாங்க.

— ஓகோ. இப்ப மட்டும் வாய் வருது. சரி, சொல்றேன். "கண்ணு, மெஷின்ல உக்காந்தது போதும், கொஞ்சம் எறங்கி வெளியில போய் காத்து வாங்கிட்டு வா. வரும்போது சோப்பு ஒண்ணு வாங்கிட்டு வந்துடு."

— அப்படியேதான் மேடம். சோப்புகூட.

— உங்க பெரியம்மா கடுசா வந்ததை இளக்கித்தான் குடுத்திருக்காங்க.

— பெரியப்பா கடுசெல்லாம் இல்ல மேடம். சுருக்கம். கம்பி ஆபீஸ்ல தந்தி குடுக்கிற மாதிரி பேசுவார். வேலையைச் சொல்லுவார், முடிஞ்சா கடைசியில அதைக் கேப்பார், வச்சுடுவார்.

— எதைக் கேப்பார்?

— அதான், எப்பவும் கேக்கிறது. "அவன் சாப்பிட்டானா?"ன்னு.

— என்னது அக்கா?

— அவன் சாப்பிட்டானான்னுடா. காலைல முதல் போன்லயும் கேப்பார், மத்தியானம் ரெண்டு தடவை கேப்பார். கறுப்பு மெஷின், பெல்ட், ஊசி டப்பா, எல்லாம் சொல்லிட்டு, வைக்கிறதுக்கு முன்னாடி "அவன் சாப்பிட்டானா?"

— எனக்கு யாரும் சொன்னதில்லையே.

— உனக்கு எதுக்குச் சொல்லணும்? டப்பா கட்டிக் குடுக்கிறது பெரியம்மா. கழுவுறது பெரியம்மா. மிச்சம் இருக்கா இல்லையான்னு அவங்களுக்குத்தானே தெரியும். "ம், சாப்பிட்டான்"னு அவங்களே பதில் சொல்லிட்டு வச்சுடுவாங்க. அப்புறம் உனக்குப் போன் போட்டு மெஷினைப் பத்தி மட்டும் சொல்லுவாங்க.

— இத்தனை வருஷமா?

— நீ கடைக்குப் போன நாள்லேர்ந்து. என்னடா இப்படிப் பாக்குற? எனக்கு இது ஒரு விஷயம்னே தோணலையே மேடம். அடுப்படியில நின்னா தெனம் காதுல விழறதுதானே.

— தம்பி, நான் ஒண்ணு கேக்கட்டா? உங்க காதுல வர்ற குரல், எப்பவாவது இதைக் கேட்டிருக்கா? சாப்பிட்டானான்னு?

— இல்ல மேடம்.

— யோசிச்சுச் சொல்லுங்க.

— யோசிக்க வேண்டியதில்ல. அது எதையும் கேக்காது. சொல்லு, சொல்லுன்னு மட்டும்தான் சொல்லும்.

— அப்ப பெரியப்பாகிட்ட இருக்கிற ஒண்ணு அந்தக் குரல்கிட்ட இல்ல.

— எனக்கு எப்படித் தெரியும் மேடம்? அவர் கேட்டு நான் ஒருநாளும் கேட்டதில்லையே. அக்கா சொல்லுது. அக்கா நான் சாப்பிடணும்னு எதை வேணா சொல்லும்.

— அடப்பாவி. நான் பொய் சொல்றேங்கிறியா?

— பொய்ன்னு சொல்லல. நீ பெரியம்மா மாதிரி ஆயிட்டே. வர்றதை இளக்கித்தான் குடுப்ப.

— இவனுக்கு என்ன பதில் சொல்றது மேடம்? இருங்க, போன் அடிக்குது. பெரியப்பாதான். கீழ வண்டியில இருக்கார்.

— அவரா கூட்டிட்டு வந்தார்?

— ஒவ்வொரு தடவையும் அவர்தான் மேடம் ஓட்டிட்டு வர்றார். மெஷின் ஏத்துற வண்டி. நானும் அவரும் முன்னாடி, இவன் பின்னாடி மெஷினோட. ஹலோ. சொல்லுங்க பெரியப்பா. இன்னும் முடியல. வாட்ச்மேன் திட்டுறானா? கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கோங்களேன்... பேசிட்டுத்தான் இருக்கான். அழுதான், இப்ப பரவாயில்ல... இல்ல. காலைலேர்ந்து ஒண்ணும் இல்ல. டீ குடிச்சான் போல.

— அக்கா, வைக்காதீங்க. இப்ப கடைசியில என்ன கேட்டார்?

— என்ன கேப்பார், அதையேதான் கேட்டார்.

— தம்பி, உங்களைத்தான் கேக்கணும், நீங்க வேண்டாம்னா வேண்டாம். அவரை மேல வரச் சொல்லலாமா?

— இங்கயா?

— இங்கதான். நீங்க எதுவும் கேக்க வேண்டாம். எதுத்து எதுவும் பேச வேண்டாம். சும்மா இருந்தாப் போதும். நடுவுல நிறுத்தணும்னா கையைத் தூக்குங்க, நிறுத்திடுறேன்.

— அவர் முன்னாடி நான் உக்கார மாட்டேன் மேடம்.

— நின்னுக்கோங்க.

— ...வரச் சொல்லு அக்கா. லிப்ட் ஓடலைன்னு சொல்லு. மெதுவா ஏறச் சொல்லு.

— பெரியப்பா, மேல வாங்களாம். ஆமா, நீங்கதான். மெதுவா ஏறச் சொல்றான், லிப்ட் ஓடல... மேடம், போனை வச்சுட்டேன். அவர் என்ன சொல்லுவார்னு எனக்கே தெரியாது. இன்னொரு தடவை போகட்டும்னு சொல்லிட்டார்னா?

— சொல்லலாம். எனக்கும் பயம் இருக்கு அக்கா. ஆனா அன்னைக்குச் சொன்னதுக்கு என்ன அர்த்தம்னு அவரைத் தவிர வேற யாரும் சொல்ல முடியாது.

— அக்கா, அவர் செருப்புச் சத்தம்.

— எனக்கும் கேக்குதுடா. வர்றார்.

— வாங்க ஐயா. உக்காருங்க, இப்படி.

— இருக்கட்டும்மா. வண்டியைக் குறுக்க நிறுத்திட்டு வந்திருக்கேன். அவன் ஏன் நிக்கிறான்? உக்காரச் சொல்லும்மா அவனை.

— டேய், உக்காரச் சொல்றார்.

— நிக்கிறேன்க்கா.

— நிக்கிறானாம் பெரியப்பா.

— காதுல விழுந்துச்சு.

— ஐயா, ரொம்ப நேரம் எடுத்துக்க மாட்டேன். அன்னைக்குக் காலைல அக்கா வந்து ஆதாரம் கேட்டாங்களாமே. நீங்க போகணும்னு தோணிட்டா போகட்டும்னு சொன்னீங்களாம்.

— சொன்னேன்.

— ஏன் ஐயா அப்படிச் சொன்னீங்க?

— வேற என்ன சொல்றது? திடுதிப்புனு வக்கீல் மாதிரி வந்து நின்னு ஆதாரம் கேக்குறா. இருக்கப் போறவன் ஆதாரம் கேக்க மாட்டான். போறவன்தான் காரணம் தேடுவான். அவன் நல்ல வேலைக்காரன்மா. வேற கடையில கூப்பிட்டிருப்பாங்க, என்கிட்ட சொல்ல முடியாம தவிக்கிறான்னு நினைச்சேன். நானே போகட்டும்னு சொல்லிட்டா அவனுக்கு உறுத்தாது இல்ல? அதுக்காகச் சொன்னது.

— அதுக்கு முன்னாடி எப்பவாவது அவரைப் போகச் சொல்லியிருக்கீங்களா?

— யாரு, நானா? அவன் கடையில படுக்கிறான்னு நான் வண்டியைக் கடை வாசல்ல போட்டு அதுலயே படுத்துக்கிறேன். ஷட்டரை உள்பக்கம் பூட்ட மாட்டான். சின்ன வயசுலேர்ந்தே அந்தப் பழக்கம் கிடையாது.

— என்ன பெரியப்பா இது? சரக்கு எடுக்க வெளியூர் போறேன்னுதானே என்கிட்ட சொன்னீங்க?

— உன்கிட்ட சொன்னா நீ அவன்கிட்ட சொல்லுவே. அவன் அதுக்கும் வேற இடம் தேடிப் போயிடுவான்.

— தம்பி, கையைத் தூக்குறீங்களா?

— இல்ல மேடம். கண்ணைத் துடைக்கிறேன்.

— அவன்கிட்ட கேளும்மா, இன்னைக்கு ராத்திரி எங்க படுக்கப் போறான்னு.

— நான் கேக்க மாட்டேன் பெரியப்பா.

— என்ன?

— லைன் கெட்டுப்போச்சு. பெரியம்மாவோட அந்த லைன் போச்சு, நான் நடுவுல கம்பி கட்டி ஓட்டிக்கிட்டிருந்தேன், இப்ப அதுவும் அறுந்துடுச்சு. பத்தடிகூட இல்ல, எதிர்லதான் நிக்கிறான். நீங்களே கேளுங்க. எனக்கும் ஒரு வீடு இருக்கு, நான் போகணும்.

— என்ன கேக்கிறது?

— பெரியம்மாகிட்ட போனை வைக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு கேப்பீங்களே. அதைக் கேளுங்க.

— அதை எதுக்கு இப்ப, இவங்க முன்னாடி...

— அக்கா, விட்டுடு. அவருக்குச் சங்கடமா இருக்கு.

— விட மாட்டேன்டா. நீதானே சொன்னே, நான் இளக்கித்தான் குடுப்பேன்னு. இளக்காத சரக்கா நேரா வாங்கிக்கோ.

— ஐயா, நான் வேணா ஜன்னல் பக்கம் திரும்பி நின்னுக்கிறேன். இந்தப் பேனையும் நிறுத்திடுறேன், சத்தம் ஜாஸ்தியா இருக்கு.

— வேண்டாம்மா, நீங்க எதுக்கு... சரி. டேய், உன்னைத்தான். சாப்பிட்டியா?

— அக்கா.

— என்னடா?

— கேட்டுச்சா?

— கேட்டுச்சுடா. எனக்கும் கேட்டுச்சு. பதில் சொல்லு.

— இல்ல பெரியப்பா. பசிக்குது.